ஒரு கட்டம் மட்டும் நகர்ந்த சிப்பாய்

வெள்ளை ஆட்டக்காரர் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். கறுப்பு என்ன ஆடுவது? ஐரோப்பா வெகுகாலம் சொல்லிவந்த பதில், நீயும் அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, நடுப்பலகையை விடாதே என்பதுதான். அந்தப் பாடத்தில் வளராதவர் மகேஷ் சந்திர பானர்ஜி.

வங்காளத்துக்காரர். அவர் பழகிய நாட்டுச் சதுரங்கத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். அதனால்தானோ என்னவோ, நடுவை எதிராளிக்கு விட்டுவிட்டு, ஜி6-இல் சிப்பாய், அதன் பின்னால் ஜி7-இல் மந்திரி என்று ஓரத்திலிருந்து குறிவைப்பார். வெள்ளை கட்டிய நடுக்கோட்டையைப் பிறகு இடிக்கலாம் என்ற தெம்பு.

கல்கத்தாவில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜான் காக்ரேன். ஸ்காட்லாந்து வக்கீல், குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் 'காக்ரேன் கேம்பிட்'டை 1848-இல் மகேஷிடமே ஆடிப் பார்த்தவர். இருவரும் ஆடிய ஆட்டங்கள் ஏராளம். பெரும்பாலும் ஜெயித்தது காக்ரேன்தான். ஆனாலும் அவற்றை அக்கறையாகக் குறித்துவைத்தார். அந்தப் புண்ணியத்தில்தான் மகேஷின் ஆட்டம் நமக்குக் கிடைத்தது.

1855 மே மாதத்து ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். காக்ரேன் டி4, சி4 என்று இரண்டு சிப்பாய்களை நிறுத்துகிறார். மகேஷ் முதலில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறார், பிறகு ஜி6, மூன்றாவது நகர்வில் டி5. கேஸ்லிங் முடிந்து, குதிரைக்குக் குதிரை வெட்டி, எட்டாவது நகர்வில் சி5 என்று நடுவைத் தாக்குகிறார். இன்றைக்கும் இப்படித்தான் ஆடுகிறார்கள். ஆனால் காக்ரேனின் குதிரை எஃப்7-இல் பாய்ந்ததும் மகேஷின் கதை முடிந்தது. பிறந்த அன்றே தோற்ற தற்காப்பு!

1922-இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் இதே வரிசையில் பெரிய ஆட்டக்காரர் அலெகைனையே வீழ்த்தினார். தற்காப்புக்கு அவர் பெயர் வந்தது. நடுவைத் தள்ளி நின்று குறிவைக்கும் இந்த வகைத் தற்காப்புகளில் கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன், நிம்சோ இந்தியன் என்று நாட்டின் பெயருக்குப் பஞ்சமில்லை. மகேஷின் பெயரைத்தான் காணோம். அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வடக்கே போனால் வரும் மாமல்லபுரத்தில் 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இந்தக் கரையில் காயைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு நான் கிங்ஸ் இந்தியனைத்தான் சொல்வேன். குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, மந்திரி ஜி7, சிப்பாய் டி6, கேஸ்லிங். வெள்ளை எதை ஆடினாலும் பெரும்பாலும் இந்த வரிசை தாங்கும். குரூன்ஃபெல்டுக்கு மனப்பாடம் நிறைய வேண்டும். 2010 சோஃபியா உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில், தயாரித்துவைத்த வரிசை பிசகி, ஆனந்தே அதில் 30 நகர்வில் டோபலோவிடம் தோற்றார். பத்தாவது ஆட்டத்தில் மறுபடி அதையே எடுத்து டிரா செய்தார். பட்டத்தைத் தீர்மானித்த பன்னிரண்டாவதிலோ லாஸ்கரின் பழைய தற்காப்பை ஆடி, கறுப்பிலேயே ஜெயித்தார்.