புழுவெட்டில் புழு எங்கே?



தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி கொட்டிவிட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் புழுவெட்டு. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, சின்ன வெங்காயத்தைத் தேய்" என்று யாராவது உடனே வைத்தியமும் சொல்லிவிடுவார்கள். மருத்துவர்கள் இதை அலோபீசியா ஏரியேட்டா என்கிறார்கள். இதில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. அப்படியானால் புழு எங்கிருந்து வந்தது? காரணம் தெரியாதபோது எதன் மேலாவது பழி போடுவது மனித வழக்கம். இந்த நோயின் 2000 வருட வரலாறே அப்படிப் போட்ட பழிகளின் வரலாறுதான். சுருக்கமாகப் பார்ப்போம்.

நரியும் பாம்பும்

'அலோபெக்ஸ்' என்றால் கிரேக்க மொழியில் நரி. சொறி பிடித்த நரிக்குத் திட்டுத்திட்டாக முடி கொட்டும் அல்லவா? அதைப் பார்த்து வைத்த பெயர்தான் அலோபீசியா. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் தன் மருத்துவ நூலில் இரண்டு வகை முடி உதிர்வைப் பிரித்துக் காட்டினார். ஒன்று நரி வகை. இன்னொன்று பின்மண்டையில் தொடங்கி இரு காதுகளையும் நோக்கி வளைந்து செல்வது. அதற்குப் பாம்பின் பெயர். 'ஒஃபியாசிஸ்' என்ற அந்தச் சொல்லைத் தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நரி, பாம்பு, நம் ஊரில் புழு. பெயர்களைப் பார்த்தாலே தெரிகிறது, அந்தத் தலையை மற்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று.

நிஜமாகவே 'புழு' தேடிய காலம்

1843ல் பாரிசில் டேவிட் க்ரூபி என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் ஒரு பூஞ்சையைக் கண்டார். அது உண்மையில் படர்தாமரைக் கிருமி. ஆனால் திட்டுத்திட்டாக முடி கொட்டும் நோய்க்கு இருந்த பழைய பெயரை அவர் அதோடு இணைத்துவிட, குழப்பம் ஆரம்பித்தது. இது ஒட்டுவாரொட்டி என்று பல மருத்துவர்கள் பல காலம் நம்பினார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னால் என்ன நடக்கும்? பிள்ளையை வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்கார வைக்கமாட்டார்கள். நோய் முடியைத்தான் எடுத்தது. நண்பர்களை எடுத்தது இந்தத் தவறான நம்பிக்கை.

இன்னொரு கட்சி, நரம்புத் தளர்ச்சிதான் காரணம் என்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாக்கே என்ற பிரெஞ்சு மருத்துவர் பல் கோளாறுதான் காரணம் என்றார்!

உலகப் பணக்காரரின் விக்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் அமெரிக்க எண்ணெய் அதிபர் ஜான் டி. ராக்கஃபெல்லர். 1901 மார்ச்சில் அவருடைய மீசை உதிரத் தொடங்கியது. ஆகஸ்டுக்குள் புருவம் உட்பட உடம்பில் ஒரு முடி இல்லை. அப்போது அவருக்கு வயது 61, 62. முடி போன புதிதில் ஒரு விருந்தில் அறிமுகமானவர்களே அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம். தானே பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் கறுப்புக் குல்லா போட்டார். பிறகு விக். அதிலும் வெவ்வேறு நீளங்களில் பல விக்குகள்! வரிசையாக மாற்றி மாற்றி அணிந்தால் முடி வளர்வது போலவும், பிறகு வெட்டிக்கொண்டது போலவும் தெரியும். உலகத்தையே விலைக்கு வாங்கக்கூடிய மனிதர், முடி வெட்டிக்கொண்டதாக நடிக்க வேண்டியிருந்தது.

அவருடைய ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் தில்லுமுல்லுகளை அம்பலப்படுத்தியவர் ஐடா டார்பெல் என்ற பத்திரிகையாளர். அருமையான வேலை அது. ஆனால் 1905ல் அவர் எழுதிய கட்டுரையில் ராக்கஃபெல்லரின் முகத்தையும் தலையையும் வர்ணித்து, அதிலிருந்தே அவருடைய குணத்தைப் படிக்க முயன்றார். வியாபாரத்தில் ராக்கஃபெல்லர் செய்த தவறுகள் வேறு, முடி கொட்டியது வேறு. கெட்டவருக்கு வந்தாலும் நோய் நோய்தான், தண்டனை இல்லை.

உண்மைக் காரணம்

நம் உடம்பின் காவல்படையான நோய் எதிர்ப்பு மண்டலம், முடியின் வேரை எதிரி என்று தவறாக நினைத்துத் தாக்குகிறது. அவ்வளவுதான். ஷாம்பூவும் காரணம் இல்லை, பாவமும் காரணம் இல்லை. ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரலாம். வேர் சாவதில்லை என்பதால் முடி திரும்பவும் வரலாம். சின்னத் திட்டுகள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிவிடும். (வெங்காயத்துக்குப் பெயர் கிடைத்த ரகசியத்தில் இதுவும் ஒன்று :-)

கொலம்பியா பல்கலைக்கழக மரபியல் ஆய்வாளர் ஏஞ்சலா கிறிஸ்டியானோவுக்கு 1995ல் இதே நோய் வந்தது. அவர் அதையே தன் ஆராய்ச்சியாக ஆக்கிக்கொண்டார். அவருடைய குழு 2010ல் இதற்குத் தொடர்புடைய மரபணுக்களைக் கண்டறிந்தது. 2014ல், ஜேஏகே என்ற புரதங்களைத் தடுக்கும் மருந்தால் முடி திரும்ப வளர்வதைக் காட்டியது. 2022 ஜூனில் அந்த வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப் மாத்திரைக்கு, கடுமையான பாதிப்பு உள்ள பெரியவர்களுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தலையின் பெரும்பகுதியில் முடி வந்தது. பக்க விளைவுகள் உண்டு, நிறுத்தினால் மீண்டும் கொட்டலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து.

மறைக்காதவர்கள்

மருந்து வருவதற்கு முன்பே சிலர் வேறொரு வழி கண்டார்கள். 2002 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவர் பியர்லூயிஜி கொலினாவை மறக்க முடியுமா? 24 வயதில் முடி முழுவதையும் இழந்தவர் அவர். அந்தத் தலையும் கண்களும்தான் பிறகு அவருடைய அடையாளம். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயானா பிரஸ்லி, 2020 ஜனவரியில் விக்கைக் கழற்றிவிட்டு வீடியோவில் பேசினார். 2019 டிசம்பரில் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு வாக்களிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவுதான் கடைசி முடியும் போயிற்று என்றார். மறுநாள் விக் அணிந்து போய் வாக்களித்திருக்கிறார். ராக்கஃபெல்லரின் முடி கொட்டியதற்கும் இந்த வீடியோவுக்கும் இடையே ஏறத்தாழ 119 வருடங்கள்.

நம் ஊரில் மொட்டைத்தலை ஒன்றும் புதிதில்லை. "பழநியா, திருப்பதியா?" என்று சந்தோஷமாகவே கேட்போம். வேண்டுதல் மொட்டை என்றால் மரியாதை, அதுவே நோயால் வந்தால், அதுவும் ஒரு பெண்ணுக்கு வந்தால், ஆயிரம் கேள்வி. தலை என்னவோ ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

உங்கள் வகுப்பில் யாராவது தொப்பியோடோ துப்பட்டாவோடோ வந்து உட்கார்ந்தால் புழுவைத் தேடாதீர்கள். வைத்தியமும் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒட்டிக்கொள்ளாது, நான் உத்தரவாதம்!