ஜியோஜீப்ரா

வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைக்கும் கணிதக் கற்றல் மென்பொருள் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வேட்டுக்காக இதை உருவாக்கத் தொடங்கினார்.

திரையில் வரைந்த உருவத்தைப் பிடித்து இழுக்கும் வசதி அதற்கு முன்பே வந்துவிட்டது. பிரான்சின் கிரனோபிள் நகரில் ழான்-மாரி லபோர்து குழுவினர் 1980களில் காப்ரி என்ற மென்பொருளை உருவாக்கினர். அமெரிக்காவில் நிக்கலஸ் ஜாக்கிவ் எழுதிய ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் 1991இல் வெளிவந்தது. சமன்பாடுகளைக் கையாள டிரைவ் போன்ற மென்பொருள்கள் தனியே இருந்தன. ஹோஹென்வார்ட்டர் இவ்விரு வகைகளையும் ஒன்றாக்கினார். வட்டத்தை இழுத்தால் அதன் சமன்பாடு மாறும். சமன்பாட்டைத் திருத்தினால் வட்டம் நகரும். 2002இல் இம்மென்பொருள் ஐரோப்பியக் கல்வி மென்பொருள் விருதைப் பெற்றது.

இதன் உயிர்நாடி இழுத்துப் பார்ப்பதுதான். ஒரு முக்கோணம் வரைந்து அதன் செங்கோட்டு மையம், நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஓர் உச்சியை இழுத்தால், முக்கோணம் எப்படி உருமாறினாலும் அம்மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட கோடு அது. சமபக்க முக்கோணமாகும்போது மட்டும் மூன்றும் ஒரே புள்ளியில் ஒன்றிவிடும். தாளில் ஒரு முக்கோணத்துக்கு மட்டும் இதை வரைந்து பார்க்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

பிழையையும் இந்த இழுப்பே காட்டிக்கொடுக்கும். கண்ணளவில் நான்கு புள்ளிகளை வைத்து வரைந்த சதுரம் ஒரு முனையை இழுத்ததும் குலைந்துபோகும். செங்குத்துக் கோடும் வட்டமும் கொண்டு முறைப்படி அமைத்த சதுரமோ பெரிதானாலும் சாய்ந்தாலும் சதுரமாகவே இருக்கும். வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை மாணவர் தாமே கண்டுகொள்வதுதான் ஜியோஜீப்ராவின் பெரிய கொடை. ஆயினும் ஆயிரம் முக்கோணங்களில் பார்த்தது நிரூபணம் ஆகாது. ஏன் அப்படி என்ற கேள்வியை ஆசிரியர் எழுப்பியே தீர வேண்டும்.

வணிக நோக்கில்லாத பயன்பாட்டுக்கு இது இலவசம். இதன் பரவலுக்கு அதுவே முதற்காரணம். பல நாட்டு ஆசிரியர்கள் இதைத் தங்கள் மொழிகளில் பெயர்த்தார்கள். தாங்கள் செய்த பணித்தாள்களை இணையத்தில் பொதுவில் வைத்தார்கள். முதலில் ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்த இம்மென்பொருள் பின்னர் உலாவியிலும் கைப்பேசியிலும் இயங்குமாறு மாற்றப்பட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முப்பரிமாண உருவங்களையும் சேர்த்தது. அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றிய ஹோஹென்வார்ட்டர் பின்னர் லின்ஸ் நகரின் யொஹன்னஸ் கெப்ளர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2021 டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த பைஜூஸ் நிறுவனம் ஜியோஜீப்ராவை வாங்கியது.

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடத்திட்டக் கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி இடம்பெற்றது. அங்குள்ள விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான ஜியோஜீப்ரா பணித்தாள் திறக்கும். ஜியோஜீப்ராவைக் கணினியில் ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் அது இயங்கும். இணைப்புச் சரிவரக் கிடைக்காத பள்ளிகள் அந்த வழியையே கொள்வது நல்லது.