ஆடுதுறை 27ம் ஒரு கணினி அறிவிப்பும்

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவரின் திரையில் முதல் வாரத்திலேயே ஓர் அறிவிப்பு எழும்: புதுப்பிப்புகள் வந்திருக்கின்றன, நிறுவலாமா? பலர் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் இதை அறியாமை என்கிறார்கள். சோம்பல் என்று சொல்வோரும் உண்டு. அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தொட்டுக் கெடுத்துக்கொண்டால் நட்டம் யார் தலையில் விழும் என்று கணக்குப் பார்ப்பவர்தான் தயங்குவார். காவிரிப் படுகைக்கு இந்தத் தயக்கம் பழக்கமானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி, நெல் விதையின் வடிவில், தஞ்சை மாவட்டத்தின் ஊர்களுக்கு வந்தது. அன்று அது எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால், இன்று திரைமுன் தயங்குபவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பது துலங்கும். அறிவுரைக்குப் பயம் அசையாது. நட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு கண்ணெதிரே இருந்தால் அந்தப் பயம் தானே விலகும். இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது அதைத்தான்.

1960-61ல் மத்திய அரசு, ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு, தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தை முதலில் ஏழு மாவட்டங்களில் தொடங்கியது. சென்னை மாநிலத்திலிருந்து தேர்வானது தஞ்சாவூர். இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் அன்று அதற்குள் அடக்கம். தேர்வுக்குக் காரணம் தண்ணீர்தான். 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஜூன் 12ல் திறப்பு, ஜனவரி 28ல் அடைப்பு என்று ஆற்றுப் பாசனத்துக்கு ஒரு நாள்கணக்கு வந்துவிட்டது. நிச்சயமான தண்ணீர் உள்ள இடத்தில் புது விதையும் உரமும் கூட்டுறவுக் கடனும் ஆலோசனையும் ஒருசேரப் போய்ச் சேர்ந்தால் மகசூல் கூடும் என்பது திட்டத்தின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்து விதைக்கே கடன் வாங்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து இன்ன நிலத்தில் இன்ன நெல் இவ்வளவு காணும் என்று தெரிந்த விதையை விட்டு, ஆராய்ச்சி நிலையத்துச் சீட்டு கட்டிய மூட்டையை அவர் ஏன் அவிழ்க்க வேண்டும்?

அவிழ்த்தார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இருந்துவருகிறது. 1960களின் நடுவில் அங்கிருந்து வெளிவந்த ஆடுதுறை 27, ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கப்பட்டது. வயது ஏறக்குறைய 105 நாள். சில ஆண்டுகளுக்குள் தஞ்சைக் குறுவையில் அது பெரிய அளவில் பரவிவிட்டது. இந்த வேகத்தை மகசூல் ஆசை என்று மட்டும் விளக்கிவிட முடியாது. அந்த விதை விவசாயியின் வயலுக்கு வருமுன் அதே காவிரித் தண்ணீரில், அதே வண்டல் மண்ணில் சோதிக்கப்பட்டிருந்தது. பிறகு ஊருக்குள் யாரோ ஒருவரின் செயல்விளக்கத் திடலில் நின்றது. நாற்று பாவுவதிலிருந்து களத்தில் கண்டுமுதல் அளப்பது வரை வரப்பில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பூச்சி விழுந்தாலும் கதிர் பதராய்ப் போனாலும் போய்க் கேட்க, கிராம சேவக் என்ற ஊர்நிலை அரசு ஊழியர் ஒருவர் சைக்கிளில் சுற்றிவரும் தூரத்தில் இருந்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது குறுவைக்கான விதை என்பது. சம்பாவுக்கும் தாளடிக்கும் பழைய விதை கோட்டை கட்டி வீட்டிலேயே இருந்தது. புதியது கைவிட்டாலும் ஆண்டு முழுதும் கைவிடாது. மாற்றம் எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்ற எல்லை தெரிந்ததால்தான் அவர்களால் அதற்குள் துணிந்து இறங்க முடிந்தது.

சொன்னபடியே எல்லாம் நடந்துவிடவும் இல்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயில் விழுகிறது. குறுகிய வயதுள்ள நெல் பெருமளவில் ஒரே சமயத்தில் ஈரத்தோடு களத்துக்கு வந்தபோது காயவைக்க வெயிலும் இல்லை, இடமும் இல்லை. நெல் முளைத்தது, நிறம் மாறியது, விலை போனது. விதையை மாற்றியபின் களத்தையும் ஆலையையும் மாற்றியாக வேண்டியிருந்தது. 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஈர நெல்லைக் காப்பதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. புது விதையால் ஒரு கெடுதலும் வராது என்று யாரேனும் வாக்குக் கொடுத்திருந்தால் அந்த மழைக்காலத்தில் அவர் பேச்சு எடுபட்டிருக்காது. கெடுதல் வந்தபோது அதை எடுத்துப் பார்க்க ஆள் இருந்தார்கள் என்பதே நம்பிக்கையைத் தாங்கியது.

இனி லினக்ஸுக்கு வருவோம். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இயங்குதளக் கருவை (கெர்னல்) மையமாக்கி, 1993ல் ஈயன் மர்டாக் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலுக்கான திட்டத்தை அறிவித்தார். தொடக்க காலத்தில் ஒரு மென்பொருளைப் புதுப்பிப்பதே பெரும்பாடு. அது எந்தெந்தத் துணை மென்பொருள்களை நம்பியிருக்கிறது என்று தேடித் தேடி, ஒவ்வொன்றாகக் கையால் நிறுவ வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றது ஓடாது. அன்றைக்குப் பயந்தவர் நியாயமாகவே பயந்தார். 1999ல் டெபியனோடு வந்த ஆப்ட் என்னும் கருவி அந்தத் துணைத்தேடலைத் தானே செய்தது. 2006ல் டெபியன் வழிவந்த உபுண்டு, நெடுங்கால ஆதரவுள்ள பதிப்பு என்ற முறையைக் கொண்டுவந்தது. அத்தகைய பதிப்பை எடுத்தவர் பல ஆண்டுகள் அடிப்படை மாறாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற்று வாழலாம். 2007ல் வெளியான டெபியன் 4.0, மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வரும் ஒவ்வொன்றும் உரியவரின் மின்கையொப்பத்தோடுதான் வந்ததா என்று கணினியே சரிபார்க்கும்படி செய்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் டெபியனின் மூன்றடுக்கு முறை இருக்கிறது. புதிய மென்பொருள் பொதி முதலில் நிலையற்ற பிரிவுக்குப் போகும். அங்கே பெரிய பழுது தென்படாவிட்டால் சோதனைப் பிரிவுக்கு வரும். நாள்பட்ட பிறகே நிலையான பிரிவாக மக்களிடம் சேரும். ஆராய்ச்சி நிலையம், செயல்விளக்கத் திடல், ஊர் வயல் என்ற தஞ்சை வரிசைக்கு இது மிக நெருங்கியது.

புதிதாக வந்தவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவர் பார்ப்பது ஓர் அறிவிப்பை மட்டுமே. அதனால் மூன்று வெவ்வேறு காரியங்கள் அவர் மனதில் ஒன்றாகிவிடுகின்றன. பாதுகாப்புத் திருத்தம் என்பது இருக்கும் மென்பொருளின் ஓட்டையை அடைப்பது. பொதுவான புதுப்பிப்பு சிறு பிழைகளைச் சரிசெய்வது. பதிப்பு மாற்றம்தான் அடிப்படையையே மாற்றுவது. அதற்கு மட்டுமே ஒரு நாள் ஒதுக்கி, கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். முன்னிரண்டும் குறுவை அளவுக்கான துணிவைத்தான் கேட்கின்றன. திரும்பிவரும் வழியும் அடைபடுவதில்லை. கருவைப் புதுப்பிக்கும்போது உபுண்டுவும் டெபியனும் பழைய கருவைத் தூக்கி எறிவதில்லை. கணினியைத் தொடங்கும் பட்டியலில் அது இருக்கும், புதியது ஓடாவிட்டால் பழையதைத் தேர்ந்து உள்ளே போகலாம். லினக்ஸ் மின்ட் 2017 முதல் டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் தன்னோடு சேர்த்துத் தருகிறது. புதுப்பிக்கும் முன் அமைப்பு இருந்த நிலையை அதைக் கொண்டு பதிந்துவைக்கலாம். தொடக்கநிலையாளருக்கு முதல் பாடம் புதுப்பிப்பது எப்படி என்பதாக இருக்கக் கூடாது. பழைய கருவில் கணினியைத் தொடங்குவது எப்படி, நேற்றைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்பதைத்தான் முதலில், எந்தப் பழுதும் இல்லாத ஒரு நாளில், அவர் கையால் செய்துபார்க்க வைக்க வேண்டும். திரும்பிவந்து பார்த்தவர் போகத் தயங்கமாட்டார்.

'ஓடுவதை ஏன் தொட வேண்டும்' என்பவர்களுக்கு 2017ம் ஆண்டு பதில் வைத்திருக்கிறது. அவ்வாண்டு மே 12ல் வானாகிரை என்னும் பணயத்தீநிரல் (ரான்சம்வேர்) உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14லேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் 'பிறகு' என்று சொன்னதன் விலை அது. லினக்ஸ் உலகம் இதற்கு விலக்கல்ல; 2014ல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை, ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைக்குறியீட்டு நிரலை நம்பியிருந்த ஏராளமான வழங்கிகளைத் திறந்துவைத்திருந்தது. அன்றே புதுப்பித்தவர்கள் அன்றே அடைத்தார்கள்.

புதுப்பிப்பே கெடுத்த கதைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பேசினால் நம்பிக்கை வளராது. 2006ல் டெபியன் பராமரிப்பாளர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் செய்த ஒரு சிறு மாற்றம், மறைக்குறியீட்டுச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கதாக்கிவிட்டது. 2008 மே மாதம்வரை அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றடுக்குச் சோதனையையும் அது தாண்டியிருந்தது. 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமானங்களைத் தரையில் நிறுத்தியது. இவ்விரண்டும் ஒரே வகைத் தவறல்ல. முந்தையது மனிதக் கண்ணுக்குத் தப்பியது. எந்தச் சோதனையும் முழுமையல்ல என்பதற்கு அது சாட்சி, அதைச் சரிசெய்ததும் இன்னொரு புதுப்பிப்புதான். பிந்தையது சிறு பரப்பில் ஓட்டிப் பார்க்காமல் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. இதோடு 2024 மார்ச்சில் நடந்ததை வைத்துப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட ஒரு பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அது டெபியனின் நிலையற்ற, சோதனைப் பிரிவுகளுக்குள் வந்திருந்தது. நிலையான பிரிவை எட்டவே இல்லை. நிலையான பதிப்பை வைத்திருந்த தொடக்கநிலையாளர் ஒன்றும் செய்யாமலேயே காப்பாற்றப்பட்டார். எல்லாவற்றையும் உடனுக்குடன் நிறுவு என்று நான் சொல்லவில்லை. சோதித்து வருவதைத் தேர்ந்தெடு, அதில் வரும் பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடாதே என்கிறேன்.

படுகையிலிருந்தே எழக்கூடிய இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. புது விதையை ஏற்றதில் எத்தனையோ நாட்டு நெல்கள் வழக்கொழிந்தன. மாற மறுத்தவர்களிடம் மிஞ்சியவற்றைத் தேடித்தான் நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்தார். திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2018ல் மறையும் முன் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். வெள்ளம் தாங்கும் நெல்லும் உப்புநிலத்தில் விளையும் நெல்லும் அப்படித்தான் கிடைத்தன. பழையதை விடாதவர்கள்தானே சரி? விதையைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். மென்பொருளுக்கு இது பொருந்தாமல் போகும் இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைச் சம்பா போன்ற நாட்டு நெல்லின் குறையை ஊருக்கெல்லாம் அறிவித்தாலும் அந்தப் பயிர் கூடுதலாகக் கெடுவதில்லை. ஒரு நிரலின் ஓட்டை வெளியான கணத்திலிருந்து, திருத்தாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு கணினியும் முன்பைவிட ஆபத்தில் இருக்கிறது. திருத்தமே எதிரிக்கு வழியையும் காட்டிவிடுகிறது. பழையதைக் காக்கும் கடமை இங்கேயும் இருக்கிறது, அதைக் களஞ்சியம் செய்கிறது. 2005 முதலான டெபியன் பொதிகள் அதன் காப்பகத்தில் நாள்வாரியாகக் கிடைக்கின்றன. அன்றாடம் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி அதற்கான இடமல்ல.

தமிழ்நாட்டில் லினக்ஸ் சிறு வட்டத்தைத் தாண்டியது அரசு வழியாகத்தான். சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. 2007ல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் மாணவர் கைக்கு வந்தது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் முதல் கணினியிலேயே லினக்ஸ் கிடைத்த ஒரு தலைமுறை உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை. மூட்டை வந்தது, திடலும் கிராம சேவக்கும் வரவில்லை. பக்கத்து மாநிலமான கேரளம் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, பள்ளிக்கொரு ஒருங்கிணைப்பாசிரியரையும் வைத்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மென்பொருளில் தேடினால் கிடைக்காது.

நம் மாணவர்களின் பயத்துக்கு உள்ளூர்க் காரணங்களும் இருந்தன. 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணிநேரம் மின்வெட்டு. புதுப்பிப்பு பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால்? மடிக்கணினியின் மின்கலம் கொஞ்சம் தாங்கும். தாங்காமல் நின்றாலும், டெபியன் வழிவந்த அமைப்புகள் எந்தப் பொதி எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதிவைத்துக்கொள்கின்றன, விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கப் பெரும்பாலும் ஒரே கட்டளை போதும். அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், பாதியில் நின்ற கணினி பழுதான கணினி என்று பெயர் வாங்கியது. இணையச் செலவு இன்னொன்று. நாளளவுக்கு டேட்டா வாங்கும் வீட்டில் சில நூறு எம்பி இறக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தேர்ந்தால் அளவு வெகுவாகக் குறையும் என்பதையும் யாரேனும் சொல்ல வேண்டியிருந்தது.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் நம் வீடுகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் நிறைய உண்டு. அவற்றில் பல லினக்ஸால் இன்னும் சில ஆண்டு ஓடும். ஆகவே இந்தக் கேள்வி மறுபடி வருகிறது, இம்முறை ஏற்பாட்டோடு எதிர்கொள்ள முடியும். ஒரு பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினியைத் திடலாக ஒதுக்கலாம். புதுப்பிப்பு முதலில் அதில் நிறுவப்படட்டும், ஒரு வாரம் மாணவர்கள் அதில் வேலை செய்யட்டும், பிறகு மற்றவை. இறக்கிய பொதிகளை அந்தக் கணினியே சேமித்து மற்றவற்றுக்குத் தரும்படி அமைத்தால் இணையச் செலவு ஒருமுறைதான். தேர்வு வாரங்களில் பதிப்பு மாற்றம் கூடாது என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். பழுது வந்தால் கேட்க வேண்டியவரின் பெயர் ஆய்வகக் கதவில் இருக்க வேண்டும். அவருக்கு வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்கி, அதைப் பணிநேரமாகக் கணக்கிட்டுக் கல்வித்துறை ஆணையிட வேண்டும். கிராம சேவக்கும் சம்பளம் வாங்கித்தான் சைக்கிள் மிதித்தார்.