உள்ளே என்ன வைப்பீர்கள்?

உங்களிடம் ஒரு வேலை வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்து, கிறிஸ்துவர், முஸ்லிம்... யார் வந்தாலும் அமைதியாக உட்கார்ந்து பிரார்த்தனை செய்ய ஒரு கூடம் கட்ட வேண்டும். சுவர், கூரை எல்லாம் சரி, உள்ளே என்ன வைப்பீர்கள்? சிலை வைத்தால் ஒருவர் முகம் சுளிப்பார். சிலுவை வைத்தால் இன்னொருவர் வாசலோடு திரும்பிவிடுவார். ஒன்றுமே வைக்காவிட்டால், 'இது என்ன, கல்யாண மண்டபமா?' என்பார்கள்!

கன்னியாகுமரி போனவர்கள் இதற்கு ஒரு பதிலைப் பார்த்திருப்பீர்கள். காந்தி மண்டபம்! 1948 பிப்ரவரி 12-ல், கடலில் கரைப்பதற்கு முன்பு காந்தியின் அஸ்தியை மக்கள் அஞ்சலிக்காக வைத்த இடத்தில், 1956-ல் எழுந்தது அது. கோயில், மசூதி, சர்ச் மூன்றின் சாயலும் அதில் உண்டு. அக்டோபர் 2 அன்று நண்பகலில், கூரைத் துவாரம் வழியாக அஸ்திக் கலசம் இருந்த இடத்தில் வெயில் விழும். எல்லாரையும் சேர்த்துக்கொள்வது... இது முதல் வழி.

அடுத்த வருஷமே நியூயார்க்கில் நேர் எதிரான வழி. ஐ.நா. சபையின் தியான அறையை 1957-ல் புதிதாக அமைத்தார், அப்போதைய பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷெல்ட். எந்த மதச் சின்னமும் கிடையாது. நடுவே ஆறரை டன் இரும்புத் தாதுப் பாறை, அதன் மேல் ஓர் ஒளிக்கற்றை. அவ்வளவுதான்! வாள் செய்வதும் இரும்பில்தான், வீடு கட்டுவதும் இரும்பில்தான். எதற்கு என்பது மனிதன் கையில் என்பது அவர் தந்த விளக்கம்.

சரி, அழகான மண்டபம் கட்டிவிட்டால் அமைதி வந்துவிடுமா? காந்தி மண்டபம் எழுந்து 26 வருஷம் கழித்து, 1982-ல், அதே மாவட்டத்தில் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்துவர்களும் மோதிக்கொண்டார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின.

அப்படியானால் எதை விட்டுவிட்டோம்? பதில் அந்த மண்ணிலேயே, நூறு வருஷத்துக்கும் முன்பே இருந்தது! நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே இருக்கிறது சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் (மறைவு: 1851) வாழ்ந்த ஊர். அன்று அங்கே முதல் பிரச்னை மதம்கூட அல்ல, சாதி. 'தாழ்ந்தவர்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியாது. தலைப்பாகை கட்டக் கூடாது. வைகுண்டர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைத்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். திருவாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது!

அவர் வழியில் வந்த பதிகளில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, முன்னால் விளக்கு. குனிந்து கும்பிட வந்தவன், நிமிர்ந்து பார்த்தால்... தலைப்பாகையோடு தன் முகம்! வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். திருவாங்கூர் அரசுக் கோயில்களின் கதவு அவனுக்குத் திறக்க, அய்யா மறைந்து 85 வருஷம் ஆனது. 1936-ல்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம்!

ஆகவே, கூடம் கட்டப் போகிறவர்களே, உள்ளே என்ன வைப்பது என்பதை அப்புறம் பேசலாம். யாரை வாசலிலேயே நிறுத்தப் போகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 'யாரையும் இல்லை' என்று சொல்ல முடிந்தால், பாறை வைத்தாலும் சரி, கண்ணாடி வைத்தாலும் சரி... அமைதி தானாக வந்து உட்காரும்!