பதினெட்டாம்படிக் கருப்பும் ஒரு புதினமும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்மலை அடிவாரத்தில் ஒரு கோபுர வாயில் உண்டு. வழக்கமாக மூடியே கிடக்கும் அதன் பெருங்கதவுகளுக்கு முன்னால் சந்தனம் மணக்கிறது, மாலைகள் தொங்குகின்றன, அரிவாள்கள் காணிக்கையாக நிற்கின்றன. உருவச் சிலை ஏதும் இல்லை. கதவே தெய்வம். பதினெட்டாம்படிக் கருப்பசாமி என்று மக்கள் அவரை அழைக்கின்றனர். அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல மலையாள நாட்டிலிருந்து மந்திரவாதிகள் பதினெண்மர் வந்தனர் என்றும், அவர்கள் பிடிபட்டு வெட்டப்பட்டுப் படிகளின்கீழ் புதைக்கப்பட்டனர் என்றும், அவர்களோடு வந்த கருப்பன் அன்றுமுதல் காவலனானான் என்றும் தலக்கதை சொல்கிறது. திகில் கதைக்கு வேண்டிய அனைத்தும் அந்தக் கதவருகே முன்னரே இருந்தன.

ஆனால், மக்கள் அங்குச் சென்றது அச்சத்தைச் சுவைப்பதற்கு அன்று, நியாயம் கேட்பதற்கு. கொடுத்த கடனை இல்லை என்பவனையும், களவை மறுப்பவனையும் அந்தக் கதவின்முன் நிறுத்திச் சத்தியம் செய்யச் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைக்காது என்பது நம்பிக்கை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை நோக்கிப் புறப்படும்போது, அவருடைய அணிகலன்களின் பட்டியல் கருப்பன்முன் படிக்கப்படுகிறது. திரும்பியதும் கணக்கு ஒப்படைக்கப்படுகிறது. கடவுளின் நகைக்கே கணக்குக் கேட்கும் காவலனிடம் மனிதன் தப்பிக்க முடியுமா என்பதே எளிய மக்களின் வாதம்.

இந்த நம்பிக்கையை எடுத்துப் புதினமாக்கியவர் இந்திரா சௌந்தர்ராஜன். சேலத்தில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10 அன்று மறைந்த அவர், தம் தாயின் பெயரையே புனைபெயரோடு சேர்த்துக்கொண்டவர். அவருடைய ‘விட்டு விடு கருப்பா’ என்னும் புதினம், 1990களின் பிற்பகுதியில் ‘விடாது கருப்பு’ என்ற பெயரில் நாகாவின் இயக்கத்தில் தொலைக்காட்சித் தொடராயிற்று. ஒரு சிற்றூரில் தவறு செய்தோர் ஒருவர்பின் ஒருவராகத் தண்டிக்கப்படுகின்றனர். நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. ஊர் முழுவதும் ‘கருப்பு தண்டித்துவிட்டது’ என்கிறது. நடப்பதைத் துருவிப் பார்க்க முனைவோரை அச்சம் சூழ்கிறது. அந்நாளில் தொடர் வரும் இரவுகளில் தெருக்கள் அடங்கிக் கிடந்ததையும், பார்த்து முடித்த சிறுவர் கொல்லைப்புறம் செல்ல அஞ்சியதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அந்தக் கதை மக்களை அவ்வளவு ஆழமாகப் பற்றியது ஏன்? விடையை மதுரைச் சமவெளியின் வரலாற்றில் தேட வேண்டும். இங்கு நெடுங்காலம் ஊர்க்காவல் என்னும் முறை நிலவியது. ஊரார் காவல்காரருக்குக் கூலி கொடுத்தனர். களவுபோனால் அவர் மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடுகட்ட வேண்டும். களவுபோன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் நடந்தது. காவல் உண்மையாக இருந்தவரை அது பாதுகாப்பு. கூலி தராதவன் வீட்டில் களவு நேர்ந்தபோது அதுவே அச்சுறுத்தல். 1896இல் திண்டுக்கல் பகுதியில் உழவர்கள் அம்முறைக்கு எதிராகவே திரண்டெழுந்தனர். காவலனைத் தட்டிக்கேட்க ஒருவரும் இல்லாதபோது காவலே அச்சமாகிவிடும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர்.

அதற்கு மாற்றாக வந்த அரசின் சட்டமேனும் நடுநிலையோடு இருந்ததா? இல்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் ஆங்கில அரசு குற்றவாளிகளாகப் பதிவுசெய்தது. குற்றம் செய்தவனை அன்று, பிறந்தவனையே தண்டித்த சட்டம் அது. கைரேகை பதிய மறுத்த உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில், பெண்ணொருவர் உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. சட்டத்தின் கையே இவ்வாறு இருந்தபோது, ஏழை மனிதன் அரிவாள் ஏந்திய தெய்வத்தின் கையை நம்பியதில் வியப்பென்ன?

இவ்விடத்தில் நம் திருச்சபை மகன் ஒருவரை நினைக்காதிருக்க முடியவில்லை. தமிழின் முதல் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், தொழிலால் நீதிபதி. சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, சட்டம் எளியவர் மொழியில் கிடைக்கச் செய்தவர். வழக்குகள் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்று தம் புதினத்திலும் வற்புறுத்தியவர். தமிழ்ப் புதினத்தின் தொடக்கத்திலேயே, நியாயம் இருளில் வரும் அரிவாளால் அன்று, எல்லோருக்கும் விளங்கும் சொல்லால் நிலைபெற வேண்டும் என்ற குரல் ஒலித்திருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் வந்த மதுரை எழுத்தாளரின் கதையும், தன் வழியில், அதற்கு முரண்படவில்லை. தொடரின் இறுதியில் ஊர் அறிந்துகொள்வது என்ன? தண்டித்தது தெய்வத்தின் கை அன்று; சிறுவயதில் புண்பட்டு, இரண்டாகப் பிளந்துபோன ஒரு மனிதனின் கை. அதுவரை ‘அவனுக்கு வேண்டியதுதான்’ என்று மனத்துக்குள் மகிழ்ந்த ஊரும், வீட்டிலிருந்தபடி மகிழ்ந்த நாமும் அக்கொலைகளில் பங்காளிகள் ஆகிவிடுகிறோம். அநீதியைக் கண்டு கொதிப்பது நன்று. ஆனால், விசாரணையின்றி, மறுமொழி கேளாமல், முகத்தை மறைத்துத் தீர்ப்பெழுதும் உரிமையை மனிதன் எடுத்துக்கொண்டால், அவன் தன்னையே இழக்கிறான். தம்பியைக் கொன்ற காயீனைக்கூட வேறெவரும் கொன்றுவிடாதபடி ஆண்டவர் அவன்மேல் அடையாளமிட்டதை விவிலியத்தில் நாம் படிக்கிறோம். குற்றம் மறைக்கப்படவில்லை, ஆயினும் பழிவாங்கும் கை தடுக்கப்பட்டது.

2004 ஜூலை 24 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒத்தக்கடைக்கு அருகே திறக்கப்பட்டது. அழகர்மலை அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. சென்னைவரை அலைந்த தென்மாவட்ட மக்களுக்கு அது பேருதவி. எனினும் அங்கு வழக்காடும் மொழி இன்றும் ஆங்கிலமே. வேதநாயகர் கேட்டது இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை. நீதிமன்றத்தின் கதவு ஏழைக்கு எவ்வளவு விரைவாகத் திறக்கிறதோ, அவ்வளவுக்கு அவன் பழிவாங்கும் நாயகனைத் தேடுவது குறையும்.

புதினத்தின் தலைப்பை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம்: விட்டு விடு கருப்பா. அது மிரட்டல் அன்று, மன்றாட்டு. பகைவன் விழக்கண்டு மகிழும் வேளைகளில், நம் உள்ளத்தில் அரிவாளோடு எழுந்து நிற்பவனிடம் நாம் சொல்ல வேண்டிய சொல்லும் அதுவே.