எங்கள் பெயரால் வேண்டாம்

மரண தண்டனையை ஆதரிப்போர் எடுத்துரைக்கும் நியாயங்களுள் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தின் கண்ணீருக்கு விடை என்ன என்பதே அது. இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு இரக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிது; ஆனால் நேர்மையாகாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மரண தண்டனை ஒழிந்த வரலாற்றை நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது இதனால்தான். அங்கே இக்கேள்விக்கு விடையளிக்க முன்வந்தோருள் பறிகொடுத்தவர்களும் இருந்தனர்.

1972-ஆம் ஆண்டு தென் கரோலினாவில் மேரி டீன்ஸ் என்னும் பெண்மணியின் மாமியார், சிறையிலிருந்து தப்பிய ஒருவனால் கொல்லப்பட்டார். கொலைக்குக் கொலை தீர்வாகும் என்பதை மேரி ஏற்கவில்லை. நான்கு ஆண்டுகள் தடைபட்டிருந்த மரண தண்டனைக்கு 1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மீண்டும் வழி திறந்தது. அவ்வாண்டிலேயே மேரி, கொலையுண்டோரின் குடும்பங்களுக்கென ஓர் ஒப்புரவு இயக்கத்தைத் தொடங்கினார். அரசால் கொல்லப்பட்டோரின் குடும்பங்களும் அதில் இடம்பெற்றன. இரு திறத்தாரின் துயரும் ஒரே அவையில் அமர்ந்தது.

1983-இல் மேரி வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். மரண தண்டனைக் கைதிகளின் மேல்முறையீடு முடிந்தபின், அடுத்தகட்ட மனுக்களுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் கடமை அந்நாளில் அங்கே அரசுக்கு இருக்கவில்லை. கைதிகளுக்காக வாதாட முன்வருவோரைத் தேடிப் பிடிப்பதே மேரியின் அன்றாடப் பணியாயிற்று.

எர்ல் வாஷிங்டன் என்பவரின் வழக்கு இப்பணியின் பயனைக் காட்டும். அறிவு வளர்ச்சி குன்றிய அந்தக் கறுப்பினத் தொழிலாளி, தாம் செய்யாத கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டு 1984-இல் மரண தண்டனை பெற்றார். அவருக்கு வழக்கறிஞர் இல்லை என்பதைச் சக கைதி ஒருவரே வெளியுலகுக்கு உணர்த்தினார். மேரியும் அவருடைய துணைவர்களும் ஓடியாடி உதவி தேடினர். 1985-இல், குறித்த நாளுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தபோது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் மரபணுச் சோதனைகள் அவருக்குத் துணைநின்றன; 2000-ஆம் ஆண்டு ஆளுநர் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். ஒன்பது நாட்கள் கடந்திருப்பின் அச்சோதனைகளால் யாருக்கு என்ன பயன்?

1991-இல் மரண தண்டனைக்கு மாற்று கோரும் குடிமக்கள் அமைப்பு ஒன்று வர்ஜீனியாவில் உருவாகி, இப்போராட்டத்தைத் தொடர்ந்தது. கொல்லப்பட்ட காவல் அலுவலர் ஒருவரின் மகள், தம் தந்தையைக் கொன்றவனுக்கும் அத்தண்டனை வேண்டாமென வாதாடினார். எனினும் 2017-இல் அது நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை.

1608-இல் முதல் தண்டனையை நிறைவேற்றிய மண் அது. அந்நாட்டில் மிகுதியான உயிர்களைச் சட்டத்தால் பறித்த மாநிலமும் அதுவே. 2021 மார்ச் 24-ஆம் நாள் ஆளுநர் ஒழிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தென் மாநிலங்களுள் முதலாவதாக வர்ஜீனியா அத்தண்டனையைக் கைவிட்டது. 2011-இல் மறைந்த மேரி அந்நாளைக் காணவில்லை.

பறிகொடுத்த குடும்பங்கள் அனைத்தும் இவ்வழியில் நின்றன என்பதில்லை. மன்னிப்பைக் கட்டளையிட்டுப் பெறவும் முடியாது. ஆயினும் துயருற்றோர் அனைவரும் பழியையே வேண்டுவர் என்று சட்டம் அவர்கள் சார்பில் பேசிவந்ததை இச்சிலர் மறுத்தனர். எங்கள் பெயரால் இன்னொரு தாயை அழவைக்க வேண்டாம் என்பதே அவர்தம் மறுப்பின் பொருள். அதைக் கேட்க ஒரு மாநிலத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.