கைக்கூலியும் நன்கொடை வரியும்

1959ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தனியாள் வரிச் சட்டம், ஒருவர் உயிரோடிருக்கும்போதே பிறர்க்கு வழங்கும் பணத்துக்கும் பொருளுக்கும் இலங்கையில் வரி விதித்தது. அதற்கு முந்திய ஆண்டில் கொழும்புக்கு வந்த பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் யோசனைகளே அதற்கு அடிப்படை. செல்வர் தம் ஆதனத்தை மரணத்துக்கு முன்னரே மக்கள் கையில் மாற்றிவிட்டால், மரண சொத்து வரி அறவிட என்ன எஞ்சும்? அந்த வாயிலை அடைப்பதே நன்கொடை வரியின் நோக்கம்.

இந்தியா 1958இலேயே இவ்வரியைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே வரி செலுத்தவேண்டியவர் கொடுத்தவரே. எனினும், தம்மை நம்பி வாழும் உறவினரின் திருமணத்தின்போது ஒருவர் வழங்கும் நன்கொடையில் 10,000 ரூபா வரை அந்நாட்டுச் சட்டம் விலக்களித்தது. பெண்ணைக் கரைசேர்ப்பது பெற்றோர் கடன் என்பதை வரி எழுதியவர்களும் மறக்கவில்லை போலும்!

இனிக் கல்முனைக் கரைக்கு வருவோம். 1959இல் இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிறந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில், மகளுக்கு வீடு எழுதிக்கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். கடைசி மகளின் நிக்காஹ் முடிவதற்குள் தந்தையின் ஆதனத்திற் பெரும்பகுதி கைமாறிவிடும். அண்ணன் தம்பியரின் உழைப்பும் அச்சுவர்களில் சேர்ந்திருக்கும். மரண வரிக்கு அஞ்சி எழுந்த பழக்கமன்று இது. அவ்வரி தோன்றுமுன்னரே வேரூன்றியது.

வீட்டோடு பணமும் செல்லும். மாப்பிள்ளை கையில் கொடுக்கப்படும் அத்தொகைக்குக் கைக்கூலி என்று பெயர். கையில் வாங்கியவன் கணவன்; ஆயின் உரியவர் யார்? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது: கைக்கூலி மணமகளின் பயன்பாட்டுக்கென மணமகனிடம் கொடுக்கப்படுவது. எனவே, மனைவி அதனைக் காதி நீதிமன்றத்திற் கோரலாம். பெற்றோர் மகளுக்கு அளித்த நன்கொடை மருமகன் கை வழியாகச் செல்கிறதேயன்றி அவன் பொருளாகிவிடுவதில்லை. எத்தனையோ வீடுகளில் இவ்வுண்மை மறக்கப்பட்டுவிடுகிறது என்பது வேறு கதை.

காணியைக் கொடுப்பதாயின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்தல் வேண்டும். பணத்துக்கு அத்தகைய உறுதி தேவையில்லை; கொடுத்ததும் வாங்கியதுமே போதும். நன்கொடை வரி அதிகாரி யாது கேட்பார்? யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார்? பிற்காலத்தில் கைக்கூலியைக் கோரிக் காதியார் முன் நிற்கும் பெண்ணிடமும் அதே கேள்விகளே கேட்கப்படும். பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டேனும் இல்லாதவள் என்ன பதில் சொல்வாள்?

வீட்டு உறுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, பிள்ளைக்குக் கொடுத்ததைத் தந்தை மீளப்பெறலாம். முஸ்லிம்களின் வழியுரிமை பற்றிய 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, உறுதியில் அவ்வாறு எழுதப்பட்டிருந்தாலன்றி எந்த நன்கொடையும் மீட்கமுடியாததாகக் கொள்ளப்படலாகாது என்கிறது. உறுதியை மகளின் கையில் ஒப்படைத்தால் ஆதனத்தை ஒப்படைத்ததற்கு அதுவே சான்றாகும் என்பதையும் அச்சட்டம் ஏற்கிறது.

இந்தியாவில் நன்கொடை வரி 1998 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. இலங்கையில் அதற்கு முன்னரே மறைந்துவிட்டது. நொத்தாரிசு அந்த ஒரு சொல்லை எழுதினாரா என்ற கேள்வியோ, கல்முனைக் கரையில் ஒவ்வொரு மகளின் உறுதி எழுதப்படும்போதும் எழுகிறது.